தகர டப்பாவில் புதைத்த கேள்விகள்

யூத ஆண்கள் காலைத் தொழுகையில் வரிசையாகச் சில நன்றிகளைச் சொல்வார்கள். தன்னை அடிமையாகப் படைக்காத இறைவனுக்குச் சொல்லும் நன்றி அவற்றில் ஒன்று. பல நூற்றாண்டுகளாக வாய்ப்பழக்கமாகிவிட்ட அந்த ஒரு வரி, லித்துவேனியாவின் கோவ்னோ நகரில் நாஜிகள் அமைத்த கெட்டோவுக்குள் ஒருவருக்குத் தொண்டையில் சிக்கியது. முள்கம்பி வேலிக்குள் அடைபட்டு, மார்பிலும் முதுகிலும் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டு, காவலர் ஓட்டிச் செல்ல விமானதள வேலைக்குப் போய்வரும் மனிதன் அதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் கடவுள் முன்னாலேயே பொய் சொன்னதாகாதா? அவர் இதை மனத்துக்குள் புழுங்கி விட்டுவிடவில்லை. சட்டம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் முறையாகக் கேட்டார். கேட்கப்பட்டவர் எஃப்ராயிம் ஒஷ்ரி, அப்போது முப்பது வயதைத் தொட்டிராத ரப்பி. அந்த வரியை விட்டுவிடக் கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அது உடலின் நிலையைப் பற்றிய நன்றி இல்லை, இறைக்கட்டளைகளுக்குப் பொறுப்பேற்கும் தகுதிக்கான நன்றி என்பதும், அந்தத் தகுதியைப் பறிக்கும் அதிகாரம் எந்தக் காவலனுக்கும் கிடையாது என்பதும் அவர் காட்டிய காரணத்தின் சாரம்.

இந்தத் தீர்ப்பை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். என் கவனம் தீர்ப்புக்கு முன்னால் நிற்கும் கேள்வியின்மேல் இருக்கிறது. ஒஷ்ரி யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர். போருக்குப்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, 2003இல் நியூயார்க்கில் மறைந்தவர். கெட்டோவில் தம்மிடம் வந்த கேள்விகளையும் தாம் தந்த விடைகளையும் ஐந்து தொகுதிகளாக ஹீப்ரு மொழியில் வெளியிட்டார். ‘ஆழங்களிலிருந்து’ என்று பொருள்படும் அந்தத் தொகுப்பின் பெயர் 130ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய துணிவையும் புலமையையும் பேசுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் வாழ்வின் வரலாற்று மதிப்பு அவர் சொன்ன விடைகளைவிட, அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த கேள்விகளில்தான் கூடுதலாக இருக்கிறது என்பது என் வாதம். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவன் கேட்பதற்கு, தன்னால் இன்னும் ஏதோ ஒன்றைச் செய்யவும் செய்யாமல் விடவும் முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். கொலையாளிகள் வைத்திருந்த எந்தப் பதிவேட்டிலும் இந்தச் செய்தி கிடையாது.

கேள்வி கேட்டு விடை பெறும் இந்த வழக்கம் கெட்டோவில் பிறந்ததன்று. யூத வாழ்க்கையின் ஒவ்வொரு செயலுக்கும் ‘ஹலாகா’ எனப்படும் சட்டம் உண்டு. நூலில் நேரடி விடை கிடைக்காத சிக்கல் வந்தால் மக்கள் அதை ரப்பியிடம் கொண்டுபோவார்கள். கேள்விக்கு ‘ஷெய்லா’ என்றும் விடைக்கு ‘தெஷுவா’ என்றும் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி எழுதப்பட்ட வினா-விடைகள் யூத உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன. வரலாற்றாய்வாளர்களுக்கு இவை பொன்சுரங்கம். எகிப்தில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய விடைகளைப் படித்தால் அக்கால வணிகக் கூட்டுகளும் கடன் தகராறுகளும் மணமுறிவுகளும் கண்முன் விரிகின்றன. அரசர்களின் கல்வெட்டு மேலிருந்து கீழே பேசும். வினா-விடை ஏடு சந்தையிலும் அடுக்களையிலும் எழுந்த சிக்கலைக் கீழிருந்து மேலே கொண்டுவரும். எந்த ஊரில் எந்த ஆண்டில் மக்களுக்கு எது தலைவலியாக இருந்தது என்பதை அறிய அதைவிட நேரடியான சான்று அரிது. ஒஷ்ரியின் தொகுப்பையும் இந்த மரபில் வைத்தே படிக்க வேண்டும். கோழியின் குடலில் ஊசி கிடந்தால் அதைச் சமைக்கலாமா என்று கேட்டுப் பழகிய அதே சட்டத்தின் முன்தான், உயிரோடிருப்பதற்கே ஒரு முறை உண்டா என்ற கேள்வியும் வந்து நின்றது.

ஒஷ்ரி 1914இல் வடகிழக்கு லித்துவேனியாவின் குபிஷோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். படித்தது கோவ்னோவை ஒட்டி, ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஸ்லோபோத்காவின் புகழ்பெற்ற யெஷிவாவில். யெஷிவா என்பது யூதச் சட்டப் பெருநூலான தால்முத்தைப் பயிலும் உயர்பள்ளி. ஸ்லோபோத்காவுக்கு ஒரு தனி முத்திரை உண்டு. ‘முஸார்’ எனப்படும் ஒழுக்கச் சிந்தனை இயக்கத்தின் முதன்மையான கோட்டை அது. நோசன் ஸ்வி ஃபின்கெல் அங்கே ஊட்டி வளர்த்த பாடத்தின் மையம், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பதால் மனிதனுக்கு உரிய மாண்பு. மாணவன் தன் உடையிலும் நடையிலும்கூட அந்த மாண்பை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அந்தப் பள்ளியில் தேறியவரிடம்தான் பின்னாளில் அடிமையின் நன்றியைப் பற்றிய கேள்வி வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த விடை வெறும் பிடிவாதத்தில் பிறந்ததன்று என்பது விளங்கும். ஸ்லோபோத்கா என்ற அதே குடியிருப்பைத்தான் நாஜிகள் கெட்டோவாக்கினார்கள் என்பது வரலாற்றின் குரூரமான பொருத்தம்.

1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தது. இரண்டே நாளில் கோவ்னோ வீழ்ந்தது. ஜூன் 25 இரவு உள்ளூர் லித்துவேனியக் குழுக்கள் ஸ்லோபோத்கா வீடுகளுக்குள் புகுந்து யூதர்களை வெட்டிக் கொன்றன. ரப்பி சல்மன் ஓசோவ்ஸ்கியும் அதில் இறந்தார். இரண்டு நாள் கழித்து நகரின் ஒரு வாகனக் கொட்டிலில், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சூழ்ந்து நிற்க, பல பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் தால்முத் பேரறிஞர் எல்கோனன் வாஸர்மன் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 15இல் ஏறத்தாழ 30,000 பேரை உள்ளே வைத்து கெட்டோவின் வாயில் மூடப்பட்டது. மூன்றே நாளில், ஆவணக்காப்பக வேலைக்குப் படித்தவர்கள் தேவை என்று சொல்லி அழைத்துச் சென்ற 500க்கும் மேற்பட்டோரைச் சுட்டார்கள். செப்டம்பரில் கைவினைஞர்களுக்கென 5,000 அட்டைகள் வந்திறங்கின. அட்டை வைத்திருப்பவனும் அவன் குடும்பமும் இப்போதைக்குப் பிழைப்பார்கள், மற்றவர்கள் நிலை தெரியாது என்பது அதன் பொருள். அட்டைக்காக நடந்த தள்ளுமுள்ளு அப்படியே ஒரு சட்டக் கேள்வியாக மாறியது: நான் ஓர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டால், அட்டை கிடைக்காத இன்னொருவன் உயிரை நான் எடுத்ததாகுமா? தன் ரத்தம் மற்றவன் ரத்தத்தைவிடச் சிவப்பு என்று யாரும் கருதக் கூடாது என்பது தால்முத் வகுத்த நெறி. கெட்டோவாசிகளுக்கு அந்த நெறி தெரிந்திருந்தது. அதனால்தான் அட்டையை வாங்கும் கை தயங்கியது, கேள்வியும் எழுந்தது.

கேள்விகளிலேயே கனமானது அக்டோபர் இறுதியில் வந்தது. அதைக் கேட்டது தனிமனிதர் அல்ல, கெட்டோவின் மூப்பர் அவை. 28ஆம் தேதி விடியலில் குழந்தை, முதியவர், நோயாளி என்று எவரும் விடுபடாமல் எல்லோரும் திடலில் கூட வேண்டும் என்ற உத்தரவை ஒட்டும்படி கெஸ்டாப்போ அதிகாரி ஹெல்முட் ரௌக்கா அவைக்குச் சொன்னார். ஒட்டினால் கொலைக்கு உடந்தை; ஒட்டாவிட்டால் எல்லோருக்கும் ஒருசேர அழிவு வரலாம். மருத்துவர் எல்கானன் எல்கெஸ் தலைமையிலான அவையினர், நோயில் படுத்திருந்த கோவ்னோவின் தலைமை ரப்பி அவ்ரஹாம் ஷபீரோவிடம் போனார்கள். அவர் இரவெல்லாம் நூல்களைப் புரட்டிவிட்டுக் காலையில் விடை சொன்னார் என்று அவையின் செயலாளர் அவ்ரஹாம் டோரி தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு சமூகம் முழுவதற்கும் அழிவு விதிக்கப்பட்டு, ஏதோவொரு செயலால் அதில் ஒரு பகுதியையேனும் காக்க முடியுமானால், தலைவர்கள் துணிந்து அதைச் செய்ய வேண்டும் என்பது ஷபீரோவின் முடிவு. உத்தரவு ஒட்டப்பட்டது. திடலில் ரௌக்கா கையசைத்துப் பிரித்த வலப்பக்கத்தினர் மறுநாள் ஒன்பதாம் கோட்டையில் சுடப்பட்டார்கள். கொலைப்படைத் தலைவன் கார்ல் யேகரின் அறிக்கை அவர்களை எண்ணி வைத்திருக்கிறது: 2,007 ஆண்கள், 2,920 பெண்கள், 4,273 குழந்தைகள்.

சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், வில்னா கெட்டோவில், ஏறத்தாழ அதே வாரங்களில் இதே சிக்கலுக்கு எதிரான விடை வந்தது. சிலரைக் கொடுத்துப் பலரைக் காப்பதாகச் சொன்ன கெட்டோ காவல்தலைவர் யாக்கோப் கென்ஸிடம் ரப்பிகள் குழுவாகச் சென்று, அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். உங்களில் ஒருவனைக் கொடுங்கள், இல்லையேல் எல்லோரையும் கொல்வோம் என்று பகைவர் சொன்னால், எல்லோரும் சாகலாமே தவிர ஒருவனைக் கைகாட்டிக் கொடுக்கக் கூடாது என்பது மைமோனிடிஸ் வகுத்த விதி. அவர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். கோவ்னோ, வில்னா இரண்டில் எது சரி என்று இன்றும் சட்ட அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். பெயர் சொல்லிப் பிடித்துக் கொடுப்பதும், எல்லோருக்குமான அழைப்பை ஒட்டுவதும் ஒன்றல்ல என்பது ஷபீரோவின் பக்கத்தில் வைக்கத்தக்க வலுவான வாதம். ஆயினும் என் நோக்கம் இவர்களுக்கு நடுவராவது அன்று. இரண்டு ஊர்களிலும் முடிவு ஒன்றுதான், பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். வேறுபட்ட விடைகள் வந்ததே, கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் எந்திரம்போல் இயங்கவில்லை, ஒரே நூலை வெவ்வேறு மனச்சான்றோடு படித்தார்கள் என்பதற்கு அடையாளம். யூதர்கள் செம்மறிபோல் சாவுக்கு நடந்தார்கள் என்று பின்னாளில் எளிதாகச் சொல்லப்பட்ட பழிக்கு இதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது.

ஷபீரோ 1943 பிப்ரவரியில் கெட்டோவிலேயே இறந்தார். அவர் உடல் தளரத் தளர, மக்களின் அன்றாடக் கேள்விகள் இளைஞரான ஒஷ்ரியிடம் கூடுதலாக வந்தன. அவருக்கு வாய்த்த வேலையும் அதற்கு உதவியது. 1942 தொடக்கத்தில் கெட்டோவின் நூல்களையெல்லாம் பறிமுதல் செய்து ஒரு கிடங்கில் குவித்த ஜெர்மானியர்கள், அழிந்துபோன இனத்தின் சின்னமாக அவற்றைப் பின்னாளில் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டு, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒஷ்ரியிடம் கொடுத்தார்கள். அருங்காட்சியகத்துக்காகச் சேர்த்த நூல்களைக் காவலாளியே எடுத்துப் புரட்டி, உயிரோடிருப்பவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் கூட்டுத் தொழுகைக்கும் பாடம் சொல்வதற்கும் தடை வந்த பிறகும் இது தொடர்ந்தது. வேலைக்களத்தில் கிடந்த சிமெண்ட் பைகளின் தாளைக் கிழித்து, கேள்வியையும் விடையையும் சுருக்கமாகக் குறித்து, தகர டப்பாக்களில் அடைத்து மண்ணில் புதைத்தார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்த கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கெட்டோவின் அக வாழ்க்கை தெரிகிறது. விமானதளத்தில் தரப்படும் கஞ்சி விலக்கப்பட்ட உணவாயின் குடிக்கலாமா? குடிக்காவிட்டால் சாவு என்பதால் ஒஷ்ரி அனுமதித்தார். கொல்லப்பட்டவர்களின் உடைகளை உயிரோடிருப்பவர் அணியலாமா? கெட்டோவில் ஒதுக்கப்பட்ட மூலை, வாயில்நிலையில் வேதச்சுருள் பதிக்க வேண்டிய ‘வீடு’ ஆகுமா? ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கித் தப்பிக்கலாமா? இதற்கு அவர் கூடாது என்றார். 1942இல், கருவுற்ற யூதப் பெண்கள் கொல்லப்படுவார்கள் என்ற ஆணை வந்தபின், கருவைக் கலைக்கலாமா என்ற கேள்வி வந்தது. பிள்ளைப்பேற்றில் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால் கருவைவிடத் தாயே முதன்மை என்று பழைய மிஷ்னா நூல் சொல்கிறது. இங்கோ கருவைக் கலைக்காவிட்டால் இருவருமே மிஞ்சமாட்டார்கள் என்று கண்டு, கலைக்க அனுமதித்தார். 1941 அக்டோபரின் பெருந்தெரிவை ஒட்டி ஒரு குடும்பத்தலைவர் கேட்டது, தற்கொலை செய்துகொள்ளலாமா என்று. மனைவி மக்கள் கொல்லப்படுவதைக் காணாமல் இருக்கலாம். முன்னதாகவே இறந்தால் யூத இடுகாட்டில் அடக்கமாகும் பேறாவது கிட்டும் என்பது அவர் எண்ணம். ஒஷ்ரி அனுமதி தரவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று உணவு, ஒன்று உடை, ஒன்று வீடு, ஒன்று பிறப்பு, ஒன்று சாவு. நாஜிகள் தங்கள் ஆணைகளால் பறித்தவை எவையோ, கேள்விகளும் வரிசையாக அவற்றைத் தொட்டே எழுந்தன.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். ஊரே எரியும்போது வாயில்நிலையில் சுருள் பதிப்பதைப் பற்றி யோசிப்பதா? இது பழக்கத்தின் பிடி, பயத்தில் மனம் சின்ன விஷயங்களில் ஒளிந்துகொள்வது என்று ஒருவர் சொல்லலாம். எல்லாக் கேள்விகளும் ஒரே எடை உடையவை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் வாயில்நிலைக் கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேதச்சுருள் நிலையான குடியிருப்புக்கு உரியது. வழிப்போக்கன் தங்கும் குடிலுக்குத் தேவையில்லை. ஆகவே, பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த மூலை என் வீடுதானா, எவ்வளவு நாள் இங்கே இருப்பேன், இதை வீடு என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. கெட்டோவாசியின் மனநிலையை அளக்க ஒரு சமூகவியலாளர் வினாநிரல் தயாரித்தாலும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. மேலும் யூதச் சட்டம் உயிர்காப்புக்கு முன்னால் ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளையும் தள்ளிவைக்கச் சொல்வது. சிலைவழிபாடு, முறைகெட்ட உறவு, கொலை என்ற மூன்று மட்டுமே விலக்கு. கஞ்சியைக் குடிக்கச் சொன்னதும் அந்தச் சட்டமே. கேட்டுவிட்டுக் குடித்தவன் விலங்குபோல் பசிக்கு அடிபணிந்து குடிக்கவில்லை, சட்டம் அனுமதித்ததால் குடித்தான். கிண்ணத்தில் இருந்தது அதே கஞ்சிதான். குடித்தவனின் நிலை மாறியிருந்தது.

இரண்டாம் ஆட்சேபம் இன்னும் கடினமானது. வரலாற்று முறை சார்ந்தது. ஒஷ்ரியின் தொகுதிகள் போருக்குப் பின், 1959 முதல் 1979 வரை வெளிவந்தன. சிமெண்ட் தாளில் பென்சிலால் எழுதிய சில வரிகள், அச்சில் பக்கம்பக்கமாக மேற்கோள்களோடு வருகின்றன. இடையில் நினைவும் புலமையும் எழுத்தாளரின் கையும் புகுந்திருக்கும் அல்லவா? புகுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அச்சிலுள்ள விரிவான வாதங்கள் எல்லாமே கெட்டோவில் அப்படியே சொல்லப்பட்டவை என்று கொள்வது அறியாமை. ஆனால் இந்த ஆட்சேபம் தாக்குவது விடைகளின் விரிவை. கேள்விகளை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. கேள்விகளின் பின்னணியில் இருக்கும் நிகழ்வுகளை ஒஷ்ரியோடு தொடர்பில்லாத சான்றுகள் உறுதிசெய்கின்றன. நாய்களையும் பூனைகளையும் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவரச் செய்து சுட்டார்கள், தோரா எனும் மறைநூலின் சுருள் இழிவுபடுத்தப்பட்டது, அதற்கு எப்படித் துக்கம் காப்பது என்ற கேள்வி ஒஷ்ரியிடம் உண்டு. 1942 ஜனவரியில் நாய்-பூனைகளைத் தொழுகைக்கூடத்தில் கொன்ற செய்தி டோரியின் நாட்குறிப்பில் இருக்கிறது. அட்டைகள், திடல், கருவுறுதலுக்கான தடை எல்லாமே பிற ஆவணங்களில் உள்ளவை. எழுதிப் புதைப்பதும் அவர் ஒருவர் செய்த காரியமில்லை. எல்கெஸின் ஊக்கத்தில் கெட்டோவே தன்னைப் பதிவுசெய்துகொண்டிருந்தது: டோரி எழுதினார், எஸ்தர் லூரி வரைந்தார், ஜார்ஜ் கடிஷ் ஒளித்துவைத்த கேமராவால் படமெடுத்தார். ஒஷ்ரியின் டப்பாக்கள் அந்தக் கூட்டு முயற்சியோடு இயல்பாகப் பொருந்துகின்றன.

மூன்றாவது ஆட்சேபம் அறம் சார்ந்தது. சாகப்போகிறவனிடம் இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று சொல்ல எந்தச் சட்டத்துக்கு உரிமை? தற்கொலைக்கு அனுமதி மறுத்த விடையைப் படிக்கும்போது இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. கோவ்னோவில் தற்கொலைகள் மிகக் குறைவு என்று ஒஷ்ரி பெருமையோடு குறிப்பிடுகிறார். அந்தப் பெருமையில் பங்குகொள்ள என்னால் முடியவில்லை. ஒரு தந்தை காண வேண்டியதைக் கண்டே தீர வேண்டும் என்று விதிப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. விடை சொல்லாமல் இருப்பதும் ரப்பிகளுக்குத் தெரிந்த வழிதான். அவுஷ்விட்ஸில் 1944 யூதப் புத்தாண்டின்போது, சாவுக்குத் தெரிவு செய்யப்பட்ட சிறுவர்கள் அடைபட்ட கொட்டடியிலிருந்து தன் ஒரே மகனைப் பணம் கொடுத்து மீட்கலாமா, மீட்டால் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேறொரு பையன் பிடிபடுவான் அல்லவா என்று ஒரு தந்தை ரப்பி ஸ்வி ஹிர்ஷ் மைசல்ஸிடம் கேட்டார். மைசல்ஸ் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். அந்த மௌனத்தையே விடையாக எடுத்துக்கொண்டு தந்தை மகனை மீட்காமல் விட்டார். போருக்குப்பின் மைசல்ஸே எழுதிவைத்த செய்தி இது. இங்கே விடை இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. அதுவே மனிதரால் தாங்க முடிகிற எல்லையைத் தாண்டி நிற்கிறது. பிறன் பிள்ளையின் உயிர் தன் பிள்ளையின் உயிருக்கு ஈடாகுமா என்று அவுஷ்விட்ஸில் நின்றுகொண்டு ஒருவர் கேட்டார் என்பதை, அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டம் தவறியிருக்கலாம், கேட்டவர் தவறவில்லை.

இதிலிருந்து எழக்கூடிய ஒரு தவறான முடிவையும் தடுத்தாக வேண்டும். கேள்வி கேட்டவர்கள் மாண்போடு இறந்தார்கள் என்றால், கேட்காதவர்கள் மாண்பிழந்தார்களா? கெட்டோவில் பக்தியற்றவர்கள் இருந்தார்கள், சோஷலிஸ்டுகள் இருந்தார்கள், காட்டுக்குப் போய்ப் போராளிக் குழுக்களில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், எதையும் யோசிக்க வலுவின்றிச் சோர்ந்தவர்கள் இருந்தார்கள். 1944 மார்ச் இறுதியில் இரண்டே நாளில் பிடித்துச் செல்லப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கேட்க நேரமே இருக்கவில்லை. லித்துவேனிய யூதர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தார்கள். யேகரின் அறிக்கை 1941 டிசம்பர் 1 வரை கொல்லப்பட்டவர்கள் மட்டுமே 1,37,346 பேர் என்று கணக்குக் காட்டுகிறது. இந்தப் பேரழிவைப் பக்திக் கதையாக மாற்றி, எல்லோரும் பிரார்த்தித்தபடி இறந்தார்கள் என்று ஆறுதல் தேடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஒஷ்ரியின் தொகுப்பு அப்படிப்பட்ட ஆறுதலைத் தருவதில்லை என்பதே என் கணிப்பு. அதில் அட்டைக்காக முண்டியடிப்பவன் இருக்கிறான். மதம் மாறிய சான்றிதழுக்கு விலைபேசுபவன் இருக்கிறான். சாக விரும்புபவன் இருக்கிறான். யேகரின் அறிக்கையில் அந்தத் திடல் வெறும் எண்களாக இருந்தது. கேள்வி ஏடு அந்த எண்களுக்குள் சபலமும் பயமும் வெட்கமும் கணக்குப்போடும் மனமும் உடைய மனிதர்களைத் திரும்ப வைக்கிறது. அது காட்டுவது ஒரு பகுதியினரை மட்டுமே. மற்றவர்களுக்கு வேறு சான்றுகளைத் தேட வேண்டும்.

1944 ஜூலையில் கெட்டோவைக் காலிசெய்த ஜெர்மானியர்கள் எஞ்சியோரை ஸ்டுட்ஹோஃப், டாஹாவ் முகாம்களுக்கு ஏற்றி அனுப்பி, ஒளிந்திருந்தவர்கள் வெளியே வரட்டும் என்று வீடுகளுக்குத் தீவைத்தார்கள். நிலவறையில் பதுங்கியிருந்த ஒஷ்ரி பிழைத்தார். ஆகஸ்டு 1இல் செம்படை வந்தபின் டப்பாக்களைத் தோண்டியெடுத்தார். கேள்விகள் நின்றபாடில்லை. கணவன் இறந்ததற்குச் சாட்சி இல்லாத பெண் மறுமணம் செய்யலாமா? கையில் பச்சைகுத்திய முகாம் எண்ணை அறுவையால் அழிக்கலாமா? அழிக்க வேண்டாம், அதை இழிவின் அடையாளமாக அன்றி மதிப்பின் அடையாளமாகச் சுமக்கலாம் என்று அவர் சொன்னார். அழித்துவிட்டு மறக்க நினைப்பவரின் உரிமையும் சிறிதன்று என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வியும் பழைய சரடின் தொடர்ச்சியே: என் உடலில் அவன் எழுதியதற்கு யார் பொருள் சொல்வது, அவனா, நானா? ஆதரவற்ற பிள்ளைகளைத் திரட்டிக் கற்பித்தபடி ஒஷ்ரி ரோமுக்குப் போய் அங்கே அகதிச் சிறுவர்களுக்கு யெஷிவா நடத்தினார். 1950இல் அவர்களோடு மான்ட்ரியால், 1952இல் நியூயார்க்.

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் தெருவில், 1850இல் பாப்டிஸ்டு தேவாலயமாகக் கட்டி 1885இல் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வாங்கிய தொழுகைக்கூடத்துக்கு அவர் ரப்பியானார். அக்கம்பக்கத்து யூதர்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்து கூடம் வெறிச்சோடியபோது, 1967இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அதை அறிவிக்கச் செய்து இடிப்பிலிருந்து காத்தார். அவர் மறைந்து 14 ஆண்டுகளில், 2017 மே மாதம், அது தீயில் அழிந்தது. அந்தக் கூடத்தில் பணியாற்றிய காலத்தில் வெளிவந்தவையே அந்த ஐந்து தொகுதிகள். இருபது ஆண்டுகளில் ஐந்து நூல்கள் என்பது மெதுவான வேகம். ஒவ்வொரு சிமெண்ட் தாளுக்கும் அவர் தால்முத் முழுவதையும் திரும்பப் புரட்டியிருக்கிறார் என்பது அடர்ந்த மேற்கோள்களில் தெரிகிறது.

வினா-விடை நூல்களின் பழைய அச்சு முறையில், ஒவ்வொரு பகுதியும் கேள்வியோடு தொடங்கும். அதன் கீழே விடை. ஒஷ்ரி இந்த முறையை மாற்றவில்லை. விடைகளோடு பிற்காலத்து ரப்பிகள் முரண்பட்டிருக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம்தருகிறது, எந்தத் தீர்ப்பும் மேல்விவாதத்துக்கு உட்பட்டதே. மேலே நிற்கும் கேள்வியோடு முரண்பட மட்டும் யாருக்கும் வழியில்லை. அடிமை இல்லை என்ற நன்றியைச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு, அது பொய்யாகிவிடுமோ என்ற கவலை இருந்தது. தன்னைச் சுற்றி எல்லாமே பொய்யாகிக்கொண்டிருந்த இடத்தில், தன் வாயிலிருந்து வரும் ஒரு வரி மெய்யாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒஷ்ரி தந்த விளக்கம் இல்லாமலேயே, அந்தக் கவலை ஒன்றே அவர் அடிமை இல்லை என்பதற்குப் போதுமான சான்று.